இறங்குதுறையில் நிற்பது யார்?

யாழ்ப்பாணத் தீவகத்துக் கதைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு முதல் பந்தி நன்றாகப் பழகியிருக்கும். ஏறத்தாழ இப்படி: "நாலாபுறமும் நீலக்கடல் அரண் செய்ய, வானுயர்ந்த பனைகள் காவல் நிற்க, ஐயனார் கோவில் மணியோசை காற்றில் மிதந்துவர, அழகே உருவாய்க் கிடந்தது அனலைதீவு. கீழ்வானில் செங்கதிரோன் தன் பொற்கரங்களை விரித்தான்." இரண்டாவது பந்தியில்தான் ஒரு கமலாவோ ஒரு கந்தையாவோ படலையைத் திறந்துகொண்டு வெளியே வருவார். இந்த வசனங்களை இங்கே உதாரணத்துக்காக நாமே எழுதினோம். ஆனாலும் எங்கோ வாசித்த மாதிரி இருக்கும். பிரச்சினையும் அதுதான்.

அந்தப் பந்தியில் பொய் ஒன்றும் இல்லை. அனலைதீவைச் சுற்றிக் கடல் உண்டு, பனை உண்டு, ஐயனார் கோவில் உண்டு, சூரியனும் கிழக்கில்தான் உதிக்கிறது. தமிழிலும் வழுவில்லை. இருந்தும் வாசகரின் கண் அதைத் தாண்டிக் கமலாவிடம் போய்விடுகிறது. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கதை எழுதப் பழகுகிறவர்கள் அதிகம் இடறுவது இந்த இடத்தில். அவர்களுக்குச் சொல்லப்படும் மருந்தும் பெரும்பாலும் பிழையானது. "வர்ணனையைக் குறை" என்பார்கள். குறைத்தால் வாசகரின் அலுப்புக் குறையும், அவ்வளவுதான். பத்து வசனத்தில் செய்த பிழையை இரண்டு வசனத்தில் செய்யலாம்.

முதலில் ஒரு கேள்வி. அந்தப் பந்தியில் தீவைப் பார்ப்பது யார்? நாலாபுறக் கடலையும் ஒரே நேரத்தில் பார்ப்பதென்றால் ஒன்றில் வானத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரைபடத்தின் முன்னால் இருக்க வேண்டும். ஒல்லாந்தர் அப்படித்தான் பார்த்தார்கள். தங்கள் படங்களில் காரைநகருக்கு அம்ஸ்ரடாம் என்றும் நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் அனலைதீவுக்கு ரொட்டர்டாம் என்றும் எழுதினார்கள். கப்பலில் போகிறவனுக்குத் தீவு வெறும் கோட்டுருவம், எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தும். ஏறத்தாழ ஐந்து சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள அந்தத் தீவுக்குள் புகையிலைத் தறைக்குத் தண்ணீர் விடுகிற ஒருவர் அன்று முழுவதும் கடலைத் திரும்பியே பார்க்காமல் இருக்கலாம். அவர் பார்ப்பது கிணற்றின் நீர்மட்டத்தையும் வாய்க்கால் உடைகிறதா என்பதையும் இலையின் நிறத்தையும். அவருடைய கடல் காற்றின் பிசுபிசுப்பிலும் கிணற்றுத் தண்ணீரின் ருசியிலும் இருக்கிறது. அவரைக் கதாநாயகனாக வைத்துவிட்டு, ஒல்லாந்தனின் கண்ணால் கதையைத் தொடங்கினால் வாசகர் நம்பாமல் தாண்டிப் போவதில் வியப்பில்லை.

இந்தப் பழக்கம் பாதி பள்ளிக்கூடத்தில் வந்தது. 'நான் கண்ட சூரிய உதயம்', 'ஒரு மழை நாள்' என்று கட்டுரை எழுதி வளர்ந்த எல்லாருக்கும், உவமைகளை அடுக்கினால் புள்ளி கூடும் என்று தெரியும். மறுபாதியின் வேர் இன்னும் ஆழம். தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்கு இலக்கணம் சொல்லும்போது, மலை, கடல், நாடு, நகர், பருவம், ஞாயிறும் திங்களும் தோன்றுதல் என்று வருணிக்கவேண்டியவற்றுக்குப் பட்டியலே தருகிறது. கம்பர் இராமனைக் காட்டுவதற்கு முன் ஆற்றுப்படலம், நாட்டுப்படலம், நகரப்படலம் என்று நம்மை நடத்திக்கொண்டு போகிறார். அவருடைய மாளிகைக்கு அவ்வளவு பெரிய முற்றம் வேண்டும். பத்துப் பக்கச் சிறுகதைக்கு அதே முற்றத்தை விட்டால் வீடு கட்டக் காணி மிஞ்சாது.

மரபு நமக்குத் தந்தது பட்டியல் மட்டும்தான் என்று எண்ணினால் அது மரபுக்குச் செய்யும் அநியாயம். தண்டிக்கு மிக முந்திய தொல்காப்பியம் இதே விஷயத்தை வேறு விதமாக, இன்றைய கதாசிரியருக்கு மிகவும் உதவக்கூடிய விதமாகப் பிரித்து வைத்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவை கருப்பொருள். அங்கே மனிதர் படுகிற பாடு, அதாவது புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல், உரிப்பொருள். இந்த மூன்றும் சமமான மூன்று அல்ல என்பதுதான் முக்கியம். முதலைவிடக் கருவும் கருவைவிட உரியும் சிறந்தது என்றே உரையாசிரியர்கள் கொண்டார்கள். கடலும் கழியும் நாரையும் நெய்தல் கவிதைக்குள் வருவது இரங்கலின் பொருட்டு. இரங்குவதற்கு ஆள் இல்லாவிட்டால் நாரைக்கு அங்கே வேலை இல்லை.

நமது மாதிரிப் பந்திக்குத் திரும்பிப் பார்த்தால் நோய் தெரிந்துவிடும். முதல் இருக்கிறது, கரு தாராளமாக இருக்கிறது, உரி இல்லை.

சங்கப் புலவருக்கு இருந்த ஒரு வசதி இன்றைய எழுத்தாளருக்கு இல்லை என்பதையும் சொல்லவேண்டும். நாரையைக் காட்டியவுடன் காத்திருக்கும் பெண்ணின் மனம் கேட்பவருக்கு விளங்கிவிடும், ஏனென்றால் அந்த உடன்பாடு கவிதைக்கு வெளியிலேயே இருந்தது. இன்று நாரை என்றால் நாரைதான். எந்தப் பொருள் எந்த மனநிலையைச் சுமக்கும் என்பதை ஒவ்வொரு கதையும் தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

எப்படி உண்டாக்குவது? அமெரிக்க நாவலாசிரியர் ஜோன் கார்ட்னர், எழுத்தாளர்களுக்காக எழுதி 1980களில் வெளிவந்த 'த ஆர்ட் ஒஃப் ஃபிக்ஷன்' நூலில் ஒரு பயிற்சி தருகிறார். போரில் மகனைப் பறிகொடுத்த ஒருவர் பார்க்கும் விதமாக ஒரு பண்ணைக் களஞ்சியத்தை வருணிக்க வேண்டும். மகனையோ போரையோ சாவையோ குறிப்பிடக்கூடாது. எழுத்துப் பட்டறைகளில் மிகவும் புழங்கிய பயிற்சி இது. நாம் அதைக் களஞ்சியத்திலிருந்து அனலைதீவு இறங்குதுறைக்கு மாற்றுவோம். பின்னேரம் மூன்று மணி. ஊர்காவற்றுறைக்குப் போகிற படகு இன்னும் புறப்படவில்லை. சோளகக் காற்றுக் காலம்.

யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியை நிற்கிறார்:

"ஏழு பேர் அவளுக்கு முன்னமே வந்திருந்தார்கள். நிழல் ஒரு துண்டுதான். அதில் அரிசி மூட்டைகளை வைத்திருந்தார்கள். அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். வேறு யாரும் எதையும் பார்க்கவில்லை. சீமெந்துப் படிகளில் கீழே இருந்த மூன்றும் பச்சை பிடித்து மினுங்கின. பக்கத்தில் நின்ற மனிசி அவளுடைய காலைப் பார்த்துவிட்டு, 'ரீச்சர், செருப்பைக் கழட்டிப் பையுக்குள்ள வையுங்கோ' என்றாள்."

படகோட்டி நிற்கிறார்:

"தெற்கே தண்ணீர் கறுத்துக் கோடு போட்டிருந்தது. துறைக்குள் அலை இல்லை, அதை நம்பி எல்லாரும் அவசரப்படுகிறார்கள். எரிவாயுச் சிலிண்டர் இரண்டு, மோட்டார் சைக்கிள் ஒன்று. கிழவியை நடுவில் இருத்த வேண்டும். புது ரீச்சர் ஓரத்தில்தான் இருப்பா, படம் எடுப்பா. எஞ்சின் ஒருதரம் இருமிவிட்டு நின்றது."

முப்பது வருடத்துக்குப் பிறகு ரொறன்ரோவிலிருந்து வந்தவர் நிற்கிறார்:

"படிக்கட்டு புதிது. பூவரசைக் காணவில்லை. பூவரசு நின்ற இடத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி, அதன் வயிற்றில் உதவி செய்தவர்களின் பெயர்கள். இரண்டாவது பெயர் அவரோடு படித்தவனுடையது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த பெடியன் நின்று, 'ஐயா எந்த ஊர்?' என்று கேட்டான்."

காய்ச்சல்காரப் பிள்ளையோடு ஒரு தாய் நிற்கிறார்:

"பிள்ளையின் நெற்றியில் வைத்திருந்த கையை எடுத்துச் சேலையில் துடைத்தாள். மறுபடி வைத்தாள். எஞ்சின் இருமுகிற சத்தம் வந்தது, பிறகு வரவில்லை. யாரோ பெட்டியைத் திறந்து மீனுக்கு மேல் ஐஸ் கொட்டினார்கள். அவள் எழும்பிப் பெட்டியடிக்குப் போனாள். 'அண்ணை, அதில ஒரு துண்டு தாங்கோ.'"

நான்கும் மாதிரிகள் மட்டுமே, இவற்றைவிடச் சிறப்பாக எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இவற்றில் என்ன நடந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. நான்கு பேரும் நிற்பது ஒரே இடம், ஒரே நேரம். கடல் நீலம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பயம், ஏக்கம், தவிப்பு, அந்நியம் என்ற சொற்களும் இல்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தேவையானதை அல்லது தம்மை உறுத்துவதைத்தான் பார்க்கிறார்கள். ஆசிரியைக்கு வழுக்குகிற படி கண்ணில் படுகிறது. படகோட்டி ஆட்களைப் பாரமாகவும் ஓரமாகவும் நடுவாகவும் எண்ணுகிறார். கனடாக்காரர் முதலில் பார்ப்பது அங்கே இல்லாத ஒன்றை. இருந்ததை அறிந்தவருக்கு மட்டுமே இல்லாதது தெரியும், ஆகவே 'பூவரசைக் காணவில்லை' என்ற இரண்டு சொல்லுக்குள் அவருடைய முப்பது வருடமும் வந்துவிடுகிறது. அவர் பழைய நினைவுகளில் மூழ்கினார் என்று எழுத வேண்டியதில்லை.

தாயின் பந்தியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மீன் பெட்டியில் ஐஸ் போடுவது எந்த இறங்குதுறையிலும் காண்கிற காட்சி. ஆசிரியை பார்த்திருந்தால் அது மணத்தைப் பற்றிய ஒரு வசனமாகியிருக்கும். தாய்க்கு அது மருந்து. காட்சியாக உள்ளே வந்த பொருள் அடுத்த வசனத்தில் அவளை எழும்பி நடக்க வைக்கிறது, ஒரு அந்நியனிடம் பேசவைக்கிறது. வர்ணனை முடிந்து கதை தொடங்குகிறது என்று கோடு கிழிக்கக்கூடிய இடம் அங்கே இல்லை. நல்ல வர்ணனையை வெட்டி எடுக்கப் போனால் கதையும் சேர்ந்து வருவது இதனால்தான். நமது செங்கதிரோன் பந்தியை முழுதாக வெட்டிப் பாருங்கள், கமலாவுக்கு ஒரு கீறலும் விழாது.

செக்கோவ் 1886இல் தன் அண்ணன் அலெக்சாண்டருக்கு எழுதிய கடிதம் இந்த விஷயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். நிலாவை நேரே வருணிக்காமல், உடைந்த போத்தலின் கண்ணாடித் துண்டொன்று அணைக்கட்டில் மினுங்குவதைக் காட்டு, இரவு தானாக வந்துவிடும் என்ற மாதிரியான ஆலோசனை. இந்தக் கடிதத்தை எடுத்துக்காட்டுகிற பலர் அதன் பின்கதையை விட்டுவிடுகிறார்கள். பத்து வருடத்துக்குப் பிறகு, 1896இல் மேடையேறிய 'கடற்பறவை' நாடகத்தில் திரெப்லெவ் என்ற இளம் எழுத்தாளன் அதே உடைந்த போத்தலைச் சொல்லிப் புலம்புகிறான். பெயர்பெற்ற எழுத்தாளர் திரிகோரினுக்கு அது கைப்பழக்கம், ஒரு போத்தலைப் போட்டால் நிலா இரவு தயார், தனக்குத்தான் வரவில்லை என்று. தன் சொந்த உபதேசமே சூத்திரமாகிவிடும் என்று செக்கோவுக்குத் தெரிந்திருந்தது. நுணுக்கமான விவரம் ஒன்றைக் கண்டுபிடித்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல எச்சரிக்கை. மினுங்குகிற போத்தலையும் யாராவது ஒருவர் பார்த்தாக வேண்டும், அவருக்கு அதைப் பார்க்கக் காரணமும் வேண்டும்.

இனிக் காற்றை எடுத்துக்கொள்வோம். 'மெல்லிய காற்று வீசியது' என்ற வசனம் தமிழ்க் கதைகளில் எத்தனை ஆயிரம் தடவை வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தீவகத்தில் காற்று பெயரோடும் மாதத்தோடும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை. வைகாசி கழிந்தால் சோளகம். எந்தக் காற்று என்பதில்தான் படகு ஓடுமா, எந்தக் கரையில் வலை விடலாம், எந்தப் பக்க வேலி சாயும் என்பதெல்லாம் இருக்கிறது. 'சோளகம் பெயர்ந்திட்டுது' என்று ஒரு கிழவர் சொன்னால் அது வானிலை பற்றிய பேச்சு மட்டுமில்லை, அடுத்த நாலு மாதத்துக்கு வீட்டில் என்ன நடக்கும் என்ற பேச்சு.

இதை ஒரு நாவலின் எலும்பாகவே ஆக்கியவர் செங்கை ஆழியான். க. குணராசா என்ற இயற்பெயர் கொண்ட அவர் (1941–2016) படித்தது புவியியல். நெடுந்தீவைக் களமாகக் கொண்ட அவருடைய 'வாடைக்காற்று' 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது, 1978இல் திரைப்படமும் ஆயிற்று. வாடைப் பருவத்தில் மீன்பிடிக்க வெளியூர்களிலிருந்து வந்து தீவுக் கரையில் வாடி போடுகிறவர்கள், அவர்களுக்கும் ஊராருக்கும் இடையில் உண்டாகிற ஈர்ப்பும் பகையும். காற்று ஆட்களைக் கொண்டுவருகிறது, காற்று மாறினால் அவர்கள் போகவேண்டும். ஆகவே அந்த நாவலில் காற்றைப் பற்றிய ஒவ்வொரு குறிப்பும் இன்னும் எவ்வளவு காலம் மிச்சம் என்று சொல்கிறது. அலங்காரமாக நின்றிருக்கக்கூடிய ஒன்றைக் கதையின் கால எல்லையாக்கியது புவியியல் படித்தவரின் கெட்டித்தனம் என்றே நினைக்கத் தோன்றுகிறது. மிக நிறைய எழுதியவர் அவர், எல்லாவற்றிலும் நிலம் இப்படி உழைக்கிறது என்று சொல்லமுடியாது. இந்த ஒன்றில் உழைக்கிறது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். 'அப்படியானால் மண்வாசனையோடு எழுது என்கிறீர்கள்' என்று யாராவது கேட்கலாம். மண்வாசனை ஈழத்தில் போராடி வென்ற சொல். 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும், பாத்திரங்கள் தங்கள் ஊர்ப் பேச்சைப் பேசக்கூடாது என்று ஒரு தரப்பு நின்றது, அதை இழிசனர் வழக்கு என்றது. முற்போக்கு எழுத்தாளர்கள் எதிர்த்து நின்றார்கள். க. கைலாசபதி 1959 முதல் 61 வரை 'தினகரன்' ஆசிரியராக இருந்த காலம் இந்த மண்ணின் கதை இந்த மண்ணின் மொழியில் எழுதப்படவேண்டும் என்ற குரலுக்கு வலுச்சேர்த்தது. அந்த வெற்றி இல்லாவிட்டால் இன்று 'தாங்கோ' என்று எழுத முடியாது. நன்றி மறக்கக்கூடாது.

ஆனால் வென்ற பிறகு வேறொரு சோம்பல் வந்து சேர்ந்தது. வடலி, காவோலை, கிடுகு, துலா, படலை, ஒடியல் என்று பத்துச் சொல்லைத் தூவிவிட்டால் யாழ்ப்பாணக் கதை ஆகிவிடும் என்ற எண்ணம். இது செங்கதிரோனின் தம்பிதான், வேட்டியை மாற்றிக் கட்டியிருக்கிறான். சரியான பெயர் தெரிந்திருப்பது எழுத்தாளருக்குக் கட்டாயம். 'ஏதோ ஒரு மரம்' என்று எழுதுகிறவரை நம்பி யாரும் ஒரு ஊருக்குள் போகமாட்டார்கள். ஆனால் பெயர் தெரிந்தால் வேலையில் பாதிதான் முடிந்தது. அந்தத் துலாவில் யார் ஏறி மிதிக்கிறார்கள், காவோலை விழுந்த சத்தத்துக்கு யார் திடுக்கிட்டார்கள் என்பது மற்றப் பாதி.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை இந்தக் கண்ணோடு மறுபடி வாசிக்கலாம். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றியது, 1970களில் வந்தது. தண்ணீரைப் பற்றி அழகான வர்ணனை தேடிப் போகிறவர் ஏமாந்துபோவார். குடம், பம்பு, வரிசை, அடுத்த வீட்டுக்காரியோடு சண்டை, தெருவைத் தோண்டுகிறவர்கள். தண்ணீர் மனிதர்களின் கை வழியாக மட்டுமே வருகிறது. தீவகத்துக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். அங்கே சுண்ணக்கல் நிலத்தில் மழைத் தண்ணீர் உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கிற உவர் மேலே வந்துவிடும், கிணறு சவராகிவிடும். இதை அறிந்த எழுத்தாளர் தீவின் நீர்ப் பிரச்சினை பற்றி ஒரு பந்தி எழுதமாட்டார். "மாமி முதல் வாளியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மருமகளுக்குக் கயிற்றைக் கொடுத்தா" என்று எழுதுவார். நிலத்தின் அமைப்பும் வீட்டின் அதிகாரமும் ஒரே வசனத்தில் வந்துவிடும்.

உவமை பற்றிச் சுருக்கமாக. பார்க்கிறவரின் கைக்கும் கண்ணுக்கும் பழகிய பொருள்களிலிருந்து வந்தால் உவமை அவரையும் சேர்த்துக் காட்டும். வேறெங்கிருந்தோ வந்தால் எழுத்தாளரைக் காட்டும். நிலாவை வெள்ளித் தட்டு என்று நினைக்கிற புகையிலைத் தோட்டக்காரர் வெள்ளித் தட்டை எங்கே பார்த்தார் என்று கேட்டுக்கொண்டால் பாதி உவமைகள் தாமாக உதிர்ந்துவிடும்.

மிகக் கடினமானது ஆளில்லாத இடத்தை எழுதுவது. 1990, 91 காலத்தில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். ஊர் இருந்தது, ஊரார் இல்லை. புங்குடுதீவில் பிறந்த கவிஞர் சு. வில்வரத்தினம் 'காற்றுவெளிக் கிராமம்' என்ற தொகுப்பில் இந்த வெறுமையைத்தான் எழுதினார். பார்க்கிறவர் யார் என்று கேட்கவேண்டும் என்றோமே, எல்லாரும் போன ஊரைப் பார்ப்பது யார்? போனவரின் மனம், அல்லது திரும்பி வந்தவரின் கண், அல்லது போகாமல் தங்கிவிட்ட ஒரு முதியவர். இதைத் தீர்மானிக்காமல் எழுதினால் 'சோகம் கவிந்த பாழடைந்த வீடுகள்' என்று முடியும். சோகம் வீட்டில் கவிவதில்லை. தீர்மானித்துவிட்டால் பார்க்கவேண்டியது தெரியும். உதாரணமாக, பல மாதம் கழித்து வீட்டைப் பார்க்க வந்த பெண்: "அம்மி கிடந்தது, குழவி இல்லை." அம்மியைத் தூக்கிப்போக ஏலாது, குழவியைத் தூக்கிப்போகலாம். யாரோ வந்து போயிருக்கிறார்கள், சுமக்கக்கூடியதை எடுத்திருக்கிறார்கள், அவளுக்கு அது இரண்டு சொல்லில் விளங்குகிறது. கூரையைப் பற்றியும் முற்றத்துப் பூண்டைப் பற்றியும் அதன் பிறகு எழுதினால் வாசகர் பொறுமையாகக் கேட்பார்.

அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி 2001இல் வந்த 'கொரில்லா'வில் வேறொரு வழி பிடித்தார். நாவலின் தொடக்கம் அகதி விண்ணப்ப வடிவத்தில் இருக்கிறது, இலக்கமிட்ட பந்திகள். விண்ணப்பத்தை வாசிக்கும் அதிகாரிக்குப் பனைமரம் தேவையில்லை, என்ன நடந்தது என்பது தேவை. யாருக்குச் சொல்கிறோம் என்பதும் எதை வருணிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் என்று இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

எவ்வளவு நீளம் என்று எல்லாரும் கேட்பார்கள். வர்ணனை நடக்கும்போது கதைக்குள் நேரம் நிற்கிறது அல்லது மெதுவாகிறது. ஆகவே பாத்திரம் காத்திருக்கிற இடத்தில் வர்ணனை நீளலாம், ஏனென்றால் காத்திருப்பவருக்கும் பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. இறங்குதுறையை உதாரணமாக எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஓடுகிறவருக்கு ஒரு பெயர்ச்சொல் போதும்: வேலி, கிணறு, படலை.

புலம்பெயர்ந்து இருந்து ஊரை எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அவர்களுடைய தீவு அவர்கள் புறப்பட்ட வருடத்தில் நிற்கிறது. அதில் தவறில்லை, அந்த வருடத்தைக் கதையில் ஒத்துக்கொண்டால் போதும். சிக்கல் வருவது 1980களின் அனலைதீவை இன்றைய அனலைதீவாக எழுதும்போது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய மானியத்தில் சூரியஒளியும் காற்றும் கலந்த மின்திட்டம் அமைக்க 2022இல் உடன்படிக்கை ஆனது. அந்தத் திட்டத்துக்கு முன் அங்கே மின்சாரம் என்றால் டீசல் மின்பிறப்பாக்கிதான். அந்தக் காலத்து இரவை எழுதுகிற கதையில் மின்பிறப்பாக்கியின் உறுமல் கேட்க வேண்டும், அது நின்றால் தெருவில் யார் முதலில் கதைக்கத் தொடங்குகிறார் என்பதும் கேட்க வேண்டும். குப்பிவிளக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் கதையை நீங்கள் புறப்பட்ட வருடத்துக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக, சென்னையிலும் கோவையிலும் இருக்கிற வாசகருக்கு நமது சொற்கள் விளங்குமா என்ற கவலை. அடிக்குறிப்புப் போடுவதா, பொதுத்தமிழுக்கு மாற்றுவதா என்று பதிப்பாசிரியர்கள் கேட்கிறார்கள். 'சாதாளை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம், தீவகத்துக்கு வெளியே யாழ்ப்பாணத்திலேயே சிலருக்குத் தெரியாது. "கரையில் ஒதுங்கிய சாதாளையை மண்வெட்டியால் கிளப்பி வண்டிலில் ஏற்றினார்கள். தறையில் கொண்டுபோய்த் தாட்டு முடிக்கும்வரை ஒழுங்கை முழுக்க மணம், பெரியம்மா மட்டும் மூக்கைப் பொத்தவில்லை." கடலிலிருந்து வருவது, அள்ளப்படுவது, தோட்டத்துக்கு உரமாவது, நாறுவது, பெரியம்மாவுக்கு அது பழகிப்போனது என்று தெரியவேண்டிய எல்லாம் தெரிந்துவிட்டது. அது பாசியா புல்லா என்று தாவரவியல்படி அறிய விரும்புகிறவர் அகராதியைப் புரட்டிக்கொள்ளட்டும்.